கலர் கோடு சொல்லி வாங்கிய ஸ்ப்ரே கேன் செட்: பம்பருக்குச் சரி, டோருக்கு வேண்டாம்

பெயின்ட் கடையில் காரின் கலர் கோடை, அதாவது அந்த நிறத்துக்குக் கம்பெனி கொடுத்த குறியீட்டைச் சொன்னால் அங்கேயே கலந்து 400 மி.லி. கேனில் அடைத்துக் கொடுக்கிறார்களே, அந்த ஸ்ப்ரே பெயின்ட் உருப்படியானதா, வீட்டில் வைத்தே அடித்துவிட முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் பழைய ஸ்விஃப்ட். கலர் சில்க்கி சில்வர், கோடு இசட்2எஸ். முன் பம்பரின் இடது மூலை முழுக்கச் சிராய்ப்பு, ஓரிடத்தில் பெயின்ட் பெயர்ந்து கறுப்பு பிளாஸ்டிக்கே வெளியில் தெரிந்தது. அதோடு சைடு மிரர் மூடி இரண்டும். ஊர் சென்னை. ஊரைச் சொல்லக் காரணம் இருக்கிறது, இந்த வேலையில் பாதி வானிலைதான்.

கடைப் பேரையும் கேன் பிராண்டையும் சொல்லப்போவதில்லை. நான் குறை சொல்லும் விஷயங்கள் பல கடைகளின் கேன்களுக்கும் பொருந்தும், ஒரு கடையை மட்டும் இழுத்துப் போடுவது நியாயமில்லை.

செட்டில் என்னென்ன என்றால், பிளாஸ்டிக் பிரைமர் ஒன்று, ஃபில்லர் பிரைமர் ஒன்று, கலர் இரண்டு கேன், கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத க்ளியர் கோட் இரண்டு கேன். பிரைமர் என்றால் அடிப்பூச்சு, கோட் என்றால் ஒரு பூச்சு. எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய் ஆனது. உப்புத்தாள், மாஸ்கிங் டேப், நல்ல மாஸ்க் என்று அதற்கு மேல் ஒரு 1,700. பட்டறையில் பம்பர் முழுசும் அடித்துத் தர 3,500 கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், காசு மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்குபவர்களுக்கு முதல் தடவை ஒரு ரூபாய் கூட மிஞ்சாது, கையை விட்டுத்தான் போகும். மாஸ்க்கும் உப்புத்தாளும் கையில் இருப்பதால் இரண்டாவது பாகத்திலிருந்துதான் லாபம். இன்சூரன்ஸ் போடலாமே என்று ஒருவர் கேட்டார். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டி 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் வைத்திருப்பவர் ஒரு பம்பர் சிராய்ப்புக்காக அதைத் தொலைக்க மாட்டார். தவிர, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்) இல்லாத பாலிசியில் பம்பரை மாற்றினாலும் பிளாஸ்டிக் பாகம் என்று விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். அதனால் சின்ன பம்பர் வேலைக்கு நம் காசுதான்.

சில்வர் ஸ்விஃப்ட் ஊரெங்கும் ஓடுகிறது என்பதால் புதுப்பேட்டையில் அதே கலரில் பழைய பம்பர் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால் அதுவே சுலபம். ஆனால் அங்கே கிடைப்பதிலும் ஏதாவது ஒரு மூலையில் சிராய்ப்பு இருக்கும், அதற்கும் இதே கேன்தான்.

சரி, செட்டுக்கு வருவோம்.

கடையில் ஒரு நல்ல விஷயம், காரைக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் பெட்ரோல் டேங்க் மூடியையாவது கழற்றி வாருங்கள் என்று அவர்களே கேட்டார்கள். அப்படிக் கேட்காமல் கோடை மட்டும் கம்ப்யூட்டரில் தட்டிக் கலந்து தரும் கடையாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரே கோடில் லேசாக வேறுபடும் கலவைகள் உண்டு, பத்து வருட வெயிலில் நின்ற கார் கோடு சொல்லும் கலரில் இருப்பதும் இல்லை. கோடு எங்கே இருக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் பானெட்டைத் திறந்தால் தெரியும் தகட்டிலோ, டிரைவர் பக்க டோர் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும்.

பிளாஸ்டிக் பிரைமர் கேன்தான் இந்தச் செட்டில் எனக்கு அதிகம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், பல பேர் வாங்காமல் விடுவதும் இதைத்தான். பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. பம்பரின் உள்பக்கத்தில் பார்த்தால் அச்சிலேயே பி.பி. என்று பொறித்திருப்பார்கள். அந்த பிளாஸ்டிக்கில் எதுவுமே எளிதில் ஒட்டாது. நேராக பிரைமரையும் கலரையும் அடித்தால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் தண்ணீரைக் காட்டும்போது தோல் உரிவது போல ஏடு ஏடாகக் கிளம்பி வரும், அடித்தவன் பெயின்ட்டைத் திட்டுவான். பிளாஸ்டிக் பிரைமர் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இருந்தால் போதும், தடிமனாக அடிக்கக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் தெரியும் இடத்துக்குத்தான் இது. கம்பெனி பெயின்ட் கெட்டியாக இருக்கும் இடத்தை 800 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்தாலே அடுத்த கோட் பிடிக்கும்.

சந்தேகமாக இருந்தால் பம்பரின் உள்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு உள்ளங்கை அளவு அடித்து, காய்ந்த பிறகு மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பிரைமர் போட்ட பாதியையும் போடாத பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பிய்த்தேன். போடாத பக்கம் டேப்போடு வந்துவிட்டது, போட்ட பக்கம் அசையவில்லை. அந்த 450 ரூபாய்க்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.

லேபிளில் ஒரு குறை. அடுத்த கோட் எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்பதை மிகப் பொடி எழுத்தில், அதுவும் வெள்ளி நிறப் பின்னணியில் அச்சடித்திருக்கிறார்கள். வெயிலில் நின்று படிக்கவே முடியாது. வீட்டுக்குள்ளேயே படித்துக் குறித்துக்கொண்டு மாடிக்குப் போங்கள், கேனுக்குக் கேன் நேரம் வேறு.

இப்போது தேய்ப்பது. கேனைப் பற்றிய ரிவியூவில் தேய்ப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். ஆனால் ஆன்லைனில் இந்த மாதிரி கேனுக்கு ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதைப் படித்தால் பத்தில் பல புகார் பெயின்ட் மேல் இல்லை, அடியில் இருக்கிறது. கோடு தெரிகிறது, புள்ளி புள்ளியாக வருகிறது, உரிகிறது. எல்லாமே தயாரிப்பு வேலை.

முதலில் கழுவுவது. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போதும், கார் ஷாம்பு வேண்டாம், அதில் பலவற்றில் மெழுகு இருக்கிறது. டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் போடும் பழக்கம் இருந்தால் அதிலுள்ள சிலிக்கான் பம்பர் மேலும் படிந்திருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் பெயின்ட் அந்தப் புள்ளியைவிட்டு விலகி ஓடி, நடுவில் குழி விழுந்து மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும். அதனால் தேய்ப்பதற்கு முன்னாலேயே எண்ணெய்ப் பசையைத் துடைத்து எடுக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் அது கீறலுக்குள் இறங்கிவிட்டிருக்கும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நல்லது. பெட்ரோலில் துடைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அது பின்னால் ஒரு பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். என்.சி. தின்னர் பழைய பெயின்ட்டையே கிளப்பிவிடும். துடைக்கும் துணி இரண்டு வேண்டும். ஒன்று ஈரமாகத் துடைக்க, மற்றொன்று அது காய்வதற்குள் எடுத்துவிட. ஒரே துணியால் துடைத்தால் பசையை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறீர்கள், அவ்வளவுதான்.

சிராய்ப்பின் ஓரத்தை 320 தாளில் ஆரம்பித்து 400, 600 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மேல் 180 மாதிரி முரட்டுத் தாளைக் கொண்டுபோனால் அது நார் நாராக எழும்பும், அப்புறம் அந்த முடியை அடக்குவதே தனி வேலையாகிவிடும். எவ்வளவு தேய்ப்பது என்பதற்கு ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக், அதைச் சுற்றி சாம்பல் நிற பிரைமர் ஒரு வளையம், அதைச் சுற்றி சில்வர் ஒரு வளையம், அதற்கு வெளியே மங்கிய க்ளியர் ஒரு வளையம். இந்த வளையங்கள் நூல் மாதிரி மெல்லிசாக இருந்தால் இன்னும் படி இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றும் விரல் அகலத்துக்கு விரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள், நகம் எங்கேயும் தட்டக் கூடாது. தட்டினால் அந்தத் தட்டல் நாளைக்கு சில்வர் மேல் கோடாகத் தெரியும். சில்வர் எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் விரலாகப் பள்ளம் விழும். பட்டறையில் பார்த்திருப்பீர்கள், தேய்ந்த ஹவாய் செருப்பை வெட்டி அந்தத் துண்டைச் சுற்றித் தாளை மடித்துப் பிடித்திருப்பார்கள். கடையில் விற்கும் ரப்பர் பிளாக்கைவிட அது பம்பரின் வளைவுக்கு நன்றாக வளைந்துகொடுக்கிறது. செலவும் இல்லை.

பட்டி பார்க்க வேண்டிய ஆழமான கீறல் இருந்தால் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் வளையும் பட்டி வாங்குங்கள். டோருக்கும் ஃபெண்டருக்கும் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) போடும் சாதாரண பட்டி பம்பர் வளையும்போது விரிசல் விடும். பம்பரே கிழிந்திருந்தால் முதலில் பிளாஸ்டிக் வெல்டிங், அது வேறு கதை.

ஃபில்லர் பிரைமர் கேன் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக நிரப்புகிறது, சீக்கிரம் காய்கிறது, 800 தாளில் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு தேய்கிறது. மூன்று கோட் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் கையில் கிடந்த கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து புகை மாதிரி ஒரு வீச்சு தூவிவிட்டுத் தேய்த்தேன். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடுகிறது. பள்ளத்தில் மட்டும் கறுப்பு உட்கார்ந்துகொண்டு நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்கிறது. கையால் தடவிப் பார்த்தபோது தெரியாத இரண்டு கீறல்கள் இப்படித்தான் அகப்பட்டன. கறுப்பு முழுவதும் போகும் வரை தேய்த்தால் மேற்பரப்பு சமம். உள்ளே சாம்பல் பிரைமர் கரைந்து பிளாஸ்டிக் தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்பவும் பிளாஸ்டிக் பிரைமர்.

சிவப்பு, மஞ்சள் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிறங்கள் அடியை மறைக்காது, சாம்பல் பிரைமர் மேல் எத்தனை கோட் அடித்தாலும் கலர் அழுக்காகவே நிற்கும். வெளிர் நிற பிரைமர் கேட்டு வாங்குங்கள். சில்வருக்குச் சாம்பல் சரி.

இனி முக்கியமான கேன், கலர்.

கலர் பொருந்துகிறதா என்றால், பொருந்துகிறது. ஆனால் அது கேனின் கையில் மட்டும் இல்லை. சில்வர் பெயின்ட்டில் இருப்பது நிறப்பொடி என்பதைவிடப் பொடிப்பொடியான அலுமினியத் தகடுகள். ஈரமாக, கிட்டே நின்று அடித்தால் அந்தத் தகடுகள் பெயின்ட்டுக்குள் அமிழ்ந்து கோணல்மாணலாக நிற்கும், கலர் கறுத்துத் தெரியும். தூரத்தில் நின்று உலர்வாக அடித்தால் தகடுகள் மேலே படுத்துக்கொள்ளும், கலர் வெளுத்துத் தெரியும். அதாவது ஒரே கேனிலிருந்து இரண்டு சில்வர் வரும். கடைக்காரர் தப்பாகக் கலந்துவிட்டார் என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் பழைய டப்பா மூடி, தகரத் துண்டு எதிலாவது முதலில் அடித்துப் பாருங்கள். பிரைமர், கலர், க்ளியர் மூன்றும் அடித்த துண்டைத்தான் காரோடு ஒப்பிட வேண்டும். க்ளியர் இல்லாத சில்வர் மங்கலாக, சுண்ணாம்பு கலந்த மாதிரி இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துண்டை ஃபெண்டர் மேல் வைத்து வெயிலில் நேராக ஒரு தடவை, சாய்ந்து நின்று ஒரு தடவை பாருங்கள். நேராகப் பார்க்கும்போது துண்டு காரைவிடக் கறுத்துத் தெரிந்தால், கொஞ்சம் தள்ளி நின்று அடிக்க வேண்டும். எனக்கு 25 செ.மீ. தூரம் பொருந்தியது, கடைசியில் 35 செ.மீ.க்குத் தள்ளி ஒரு மெல்லிய தூவல். இந்தக் கடைசித் தூவல் இல்லாவிட்டால் சில்வரில் திட்டுத் திட்டாக, வரி வரியாக நிழல் தெரியும், அதுவும் சாயங்கால வெயிலில் பளிச்சென்று தெரியும்.

அடிக்கும் முறையில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. கேனை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள், உள்ளே குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அந்த இரண்டு நிமிடம் தொடங்குகிறது, சில்வருக்கு நடுநடுவிலும் குலுக்க வேண்டும். பட்டனை பம்பருக்கு வெளியே அழுத்தி, வெளியே போய் விட வேண்டும். முந்தின வீச்சில் பாதியை அடுத்த வீச்சு மூட வேண்டும். கை வில்லாக வளையாமல் நேராகப் போக வேண்டும். முதல் கோட் பம்பர் தெரியத் தெரிய, தூசு படிந்த மாதிரி இருந்தால் போதும். ஒரே பூச்சில் மூடப் பார்க்கிறவர்களுக்குத்தான் வடியும்.

முக்கியமான ஒன்று, சில்வர் மேல் உப்புத்தாள் படக் கூடாது. தூசி விழுந்துவிட்டதே என்று தேய்த்தால் அலுமினியத் தகடு அறுந்து அந்த இடம் கறுப்பாக நிற்கும், க்ளியர் அதை இன்னும் எடுத்துக் காட்டும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தேய்த்து, திரும்ப ஒரு கோட் சில்வர் அடித்துவிட்டுத்தான் க்ளியருக்குப் போக வேண்டும்.

நாசில் பற்றி எனக்குக் கோபம் உண்டு. 550 ரூபாய் கேனுக்கு ஐந்து ரூபாய் கூடப் பெறாத வட்ட நாசில் போட்டிருக்கிறார்கள், நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழுகிறது. விசிறி மாதிரி விரித்து அடிக்கும் நாசில் தனியாக 60 ரூபாய்க்கு அதே கடையில் இருந்தது, இதைக் கேனோடு கொடுத்தால் என்ன என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். அதை வாங்கிவிடுங்கள். இரண்டாவது கலர் கேன் கடைசிக் கால் பங்கில் துப்ப ஆரம்பித்தது, பெயின்ட் பொட்டுப் பொட்டாக விழுந்தது. இது பெரும்பாலான கேன்களின் குணம்தான். அதனால் கேனின் கடைசிப் பகுதியை மறைவான இடத்துக்கு, கீழ் உதட்டுக்கு ஒதுக்குங்கள். கண்ணுக்கு நேராக இருக்கும் இடத்துக்குப் புதுக் கேன். ஒரு கேனில் ஹேட்ச்பேக் பம்பர் முழுவதும் முடித்துவிடலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம், இரண்டு வேண்டும்.

வானிலைக்கு வருகிறேன். சென்னையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதைத் தொடவே வேண்டாம். மழை மட்டும் பிரச்சினை இல்லை. பெயின்ட்டில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பெயின்ட் மேலேயே பனியாக இறங்கி க்ளியர் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப் போகும். அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர் எதிர், பெயின்ட் பம்பரைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து மணல் மாதிரி சொரசொரவென்று உட்காரும். பிப்ரவரி, மார்ச் முதல் பாதி, காலை ஒன்பது மணிக்கு மேல், பனி ஈரம் போன பிறகு, நிழலில். மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும், கடல் காற்று எழும்பிவிட்டால் மாடியில் தூசியும் கூடவே எழும்பும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால் காலடித் தூசி அடங்கும்.

மாடியில் அடிப்பவர்கள் துணிக் கொடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே புகை எங்கேயோ போய் உட்காரும், கீழ் வீட்டு அக்காவின் புடவையில் சில்வர் ஜரிகை போட்டுக் கொடுத்தால் பட்டறைக்காரர் கேட்ட 3,500 மலிவாகத் தெரியும். தண்ணீர்த் தொட்டி மூடியையும் மூடிவிடுங்கள். கீழே பார்க்கிங்கில் அடிப்பதாக இருந்தால் பக்கத்துக் கார்களுக்கும் இதே ஆபத்து, அதைவிடக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போவது மேல். பம்பரைக் கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, க்ளிப்பும் ஸ்க்ரூவும்தான். ஃபாக் லைட் வயரை மட்டும் முதலில் விடுவியுங்கள். பார்க்கிங் சென்சார் இருந்தால் கழற்றிவிட்டே அடியுங்கள், அதன் முகத்தில் பெயின்ட் ஏறினால் அது சரியாக வேலை செய்யாது. பம்பருக்குப் பின்னால் ரேடார் வைத்த புதுக் கார்களுக்கு இந்த வேலையே வேண்டாம், சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

க்ளியர் கோட் கேன்தான் செட்டில் பலவீனம். மோசம் என்று சொல்லவில்லை, பளபளப்பு நன்றாகத்தான் வருகிறது. நான் வாங்கியது 1கே வகை, கரைப்பான் ஆவியாகிக் காய்வது. அதனால் திரும்பவும் கரைப்பான் பட்டால் கரையும். சோதனைக்கு அடித்த தகரத் துண்டை நன்றாகக் காயவிட்டு, பஞ்சில் பெட்ரோல் நனைத்துத் தேய்த்தேன். முதலில் பிசுபிசுப்பு, பிறகு பஞ்சு சாம்பலாக மாறியது, சில்வரும் சேர்ந்து வந்துவிட்டது. ஆகவே இந்த க்ளியரைப் பெட்ரோல் டேங்க் மூடிக்கோ அதன் சுற்றுப்புறத்துக்கோ அடிக்காதீர்கள். பைக் டேங்குக்கு அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். பம்பருக்கும் மிரர் மூடிக்கும் பெட்ரோல் பட வாய்ப்பில்லை, அங்கே போதும்.

பெட்ரோலைத் தாங்க வேண்டும் என்றால் 2கே, அதாவது ஹார்டனர் என்ற கெட்டியாக்கும் பொருள் கலந்து இறுகும் வகை. அதிலும் கேன் வருகிறது, அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஹார்டனர் கலந்து, பிறகு ஓரிரு நாளுக்குள் கேனே கெட்டியாகிவிடும். பளபளப்பும் உறுதியும் பட்டறை வேலைக்குச் சமம். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் பொருள், ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலே இழுக்கும். வாசனை வைத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்றால் அதுவும் முடியாது, மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு தாண்டியிருக்கும். வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிற பையன்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டு மாடியில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் 2கே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

1கே என்றாலும் மாஸ்க் கட்டாயம். கோவிட் காலத்தில் மிஞ்சிய என்95 தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கேட்ரிஜ் என்று கேட்டு, முன்னால் தூசி வடிகட்டியும் உள்ளதாக வாங்குங்கள். அடிக்கும்போது பெயின்ட் வாசனை உள்ளே வந்தால் முகத்தில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், தாடி வைத்தவர்களுக்கு உட்காராது. கேனில் உந்தித் தள்ளும் வாயு எளிதில் தீப்பற்றும், அருகில் பீடி, அடுப்பு, பூஜை விளக்கு எதுவும் கூடாது.

க்ளியர் ஈரமாக இருக்கும்போது ஒரு கொசு வந்து உட்காரும். கட்டாயம் உட்காரும். எடுக்கப் போகாதீர்கள், விரல் பட்டால் பள்ளம். அது அங்கேயே காயட்டும், பிறகு 2000 தாளில் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டால் காலோடு போய்விடும். அந்தத் தேய்ப்பையும் உடனே செய்யக் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மெத்தென்றுதான் இருக்கும், நகத்தை அழுத்திப் பார்த்தால் தெரியும். ஓரிரு வாரம் விட்டு, 1500, 2000, காம்பவுண்ட். பாலிஷுக்குப் பிறகு மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்த சொரசொரப்பு பெரும்பாலும் போய்விட்டது. கிட்டே குனிந்து பார்த்தால் கம்பெனி பெயின்ட்டோடு வித்தியாசம் தெரியும், தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. வாட்டர் வாஷ் கடைப் பையனிடம் எந்த மூலையில் அடித்தது சொல் என்று கேட்டேன், வலது மூலையைக் காட்டினான்.

ஒரு மழைக்காலம் தாண்டியிருக்கிறது. மிரர் மூடிகள் அப்படியே இருக்கின்றன, இந்தச் செட்டில் அடித்ததில் அவைதான் மிக அழகு, சின்னப் பாகம், வளைவு சமமாக இருப்பதால் கை நடுக்கம் கூடத் தெரியவில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் மிரர் மூடியில் தொடங்குவது நல்லது. பம்பரின் கீழ் உதட்டில் கல் தெறித்து இரண்டு பொட்டு விழுந்திருக்கிறது, கம்பெனி பெயின்ட்டாக இருந்தாலும் அங்கே விழுந்திருக்கும். உரிதல் எங்கும் இல்லை. காக்கை எச்சம் மட்டும் உடனே கழுவ வேண்டும், 1கே க்ளியரில் அது சீக்கிரமே அச்சுப் பதித்துவிடுகிறது.

டோருக்கும் பானெட்டுக்கும் இதே கேனை வாங்கலாமா என்று கேட்டு ஏற்கனவே இரண்டு பேர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் காராக இருந்தால் வாங்காதீர்கள். பம்பர் ஃபெண்டரைவிட்டுக் கொஞ்சம் விலகி, வேறு கோணத்தில் நிற்கிறது, பொருளும் பிளாஸ்டிக். ஷோரூமிலிருந்து வரும் காரிலேயே பம்பர் கலர் ஒரு மயிரிழை மாறித்தான் இருக்கும், அதனால் கண் மன்னித்துவிடும். டோர் அப்படியில்லை, இரண்டு பக்கமும் அதே தளத்தில் அதே கலர் நிற்கும், ஒரு சின்ன வித்தியாசம் கூடக் கத்தியால் கோடு போட்ட மாதிரி தெரியும். பட்டறைக்காரர் அதைச் சமாளிக்கப் பக்கத்து டோர் வரை கலரை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டுபோய், இரண்டு டோருக்கும் சேர்த்து 2கே க்ளியர் அடிப்பார். ஸ்ப்ரே கன் வேண்டும், தூசி புகாத பெயின்ட் பூத் வேண்டும், பழகிய கை வேண்டும். வெள்ளை மாதிரி, அலுமினியத் தகடு கலக்காத சாலிட் கலர் என்றால் டோரின் கீழ் ஓரத்தில் உள்ள சின்ன இடத்துக்கு முயன்று பார்க்கலாம், அங்கேயும் துரு இருந்தால் துருவைச் சுத்தமாக எடுத்துவிட்டு உலோகத்துக்கான பிரைமர் வாங்குங்கள், இந்தச் செட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிரைமர் அதற்கு ஆகாது.

மிச்சமிருக்கும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும் வரை அழுத்தி, நாசிலைக் கழற்றித் துடைத்து, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். கார் டிக்கியில் போட்டுவைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கிறது, மே மாதம் வெயிலில் நிற்கும் காருக்குள் அது சாதாரணமாகத் தாண்டும்.